கொமாண்டரின் விரதம்

இது நடந்தது இரண்டாயிரத்து ஆறாம் ஆண்டு, ஒக்டோபர் மாதத்தில். ஜேர்மனியில் பீலெஃபெல்ட் நகரத்துக்குப் பக்கத்தில் ஒரு சிறிய ஊர். அங்கே ஒரு முதியோர் இல்லத்தில் நான் பராமரிப்பு உதவியாளராக வேலை செய்துகொண்டிருந்தேன். எனக்குப் பெரிய படிப்பு இல்லை. யாழ்ப்பாணத்தில் பத்தாம் வகுப்போடு நின்றவன். கடிதத்துக்கு மேல் எதையும் எழுதிப் பழக்கமும் இல்லை. ஆனால் இதை எழுதாமல் விட்டால் ஒரு மனிதருக்குச் செய்ய வேண்டிய மரியாதையைச் செய்யாமல் விட்டதாகிவிடும் என்று என் மனைவி பல காலமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறாள். அதனால் எழுதுகிறேன்.

எனக்கு வேலை இரண்டாம் மாடியில். காலையில் பதினான்கு பேருக்குச் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். ஏலாதவர்களுக்கு ஊட்டிவிட வேண்டும். பிறகு ஒவ்வொருவர் பெயருக்கும் நேரே உள்ள பதிவுத் தாளில், முழுவதும் சாப்பிட்டாரா, பாதி சாப்பிட்டாரா, ஒன்றும் சாப்பிடவில்லையா என்று மூன்று பெட்டிகளில் ஒன்றில் கோடு போட்டுக் கையெழுத்து வைக்க வேண்டும். பார்த்தால் சின்ன வேலை. அந்தத் தாளைப் பார்த்துத்தான் தாதிமார் மருந்து, ஊசி எல்லாவற்றையும் கவனிப்பார்கள்.

அந்த வருடம் இளவேனிலில் எங்கள் மாடிக்கு ஒரு புதியவர் வந்தார். எண்பது வயதைத் தாண்டியவர். உயரமான உடம்பு, நேரான முதுகு. ஜேர்மன்காரருடைய பிள்ளை, ஆனால் பிறந்து வளர்ந்தது ஆபிரிக்காவின் தெற்குப் பக்கத்தில் ஒரு நாட்டில். அங்கே பல வருடங்கள் காடுகளுக்குள் ஒரு போர் நடந்ததாம். அந்தப் போரில் இவர் விமானப்படையில் பெரிய அதிகாரி. மனைவி இறந்த பிறகு இங்கே மகளிடம் வந்து, மகளுக்கும் ஏலாமல் போகவே, எங்கள் இல்லத்துக்கு வந்திருந்தார். இல்லத்தில் எல்லோரும் அவரைக் கொமாண்டர் என்றுதான் சொல்வார்கள். அவர் அப்படிக் கூப்பிடச் சொல்லவில்லை. அவரைப் பார்த்தால் வேறு மாதிரிக் கூப்பிட வாய் வராது.

வந்த இரண்டாம் மாதம் அவருடைய பிறந்தநாள். முன்பு அவருக்குக் கீழே வேலை செய்த ஆறு பேர் எங்கெங்கோ இருந்தெல்லாம் வந்தார்கள். எல்லோரும் நரைத்த கிழவர்கள். ஒருவர் ஊன்றுகோலுடன் வந்தவர். அறைக்குள் நுழைந்ததும் ஊன்றுகோலைச் சுவரில் சாத்திவிட்டு நேராக நிமிர்ந்து நின்றார். போர் முடிந்து அத்தனை வருடத்துக்குப் பிறகும் ஒரு மனிதருக்கு முன்னால் இப்படி நிற்கிறார்கள் என்றால், பயத்தில் நிற்கவில்லை என்பது எனக்கும் விளங்கியது.

ஆனாலும் எனக்கு அவரைப் பிடிக்கவில்லை. உண்மையைச் சொல்கிறேன்.

விமானப்படை என்ற சொல் எங்களுக்கு எப்படிப்பட்டது என்று எங்கள் ஆட்களுக்குச் சொல்லத் தேவையில்லை. என் தங்கச்சி சங்கக்கடை வரிசையில் மண்ணெண்ணெய்க்கு நின்றபோதுதான் குண்டு விழுந்தது. அவளுக்கு அப்போது பதினேழு வயது. போத்தலைப் பிடித்த கை மட்டும் காயமில்லாமல் இருந்தது. அதற்கு மேல் நான் எழுதவில்லை. அவளுடைய திதிக்கு நான் இன்றைக்கும் விரதம். வெள்ளிக்கிழமைகளிலும் விரதம். விபூதி பூசாமல் நான் வேலைக்குப் போனதில்லை. வாசலில் கால் வைக்கும்போது முருகா என்று சொல்லாமல் உள்ளே போனதுமில்லை. மற்றப் பதின்மூன்று பேருக்கும் சாமிக்குப் படைப்பது போலச் சாப்பாடு வைப்பேன். இவருக்கு மட்டும் தட்டை வைத்துவிட்டுத் திரும்பிப் பாராமல் வந்துவிடுவேன்.

ஒருநாள் காலையில் நான் அவருடைய அறையில் நிற்கும்போது ஒரு விமானம் மிகவும் தாழ்வாகப் போனது. பக்கத்தில் சின்ன விமானங்கள் இறங்கும் திடல் ஒன்று இருந்தது. சத்தம் கேட்டதும் அவருடைய கண் மேலே போனது. என்னுடைய கண் ஒதுங்க இடம் தேடியது. தட்டு கையிலிருந்து விழுந்து, கோப்பி நிலமெல்லாம் ஓடியது. நான் குனிந்து துடைக்கும்போது அவர் ஜேர்மன் மொழியில் கேட்டார், எங்கள் பேச்சிலேயே எழுதுகிறேன்:

"எந்த நாடு?"

"சிறிலங்கா. யாழ்ப்பாணம்."

"அங்க விமானம் வந்ததோ?"

"வந்தது."

"என்ன வகை விமானம்?"

எனக்கு எங்கிருந்து அந்தக் கோபம் வந்ததோ தெரியாது. "கீழ நிக்கிறவனுக்கு வகை தெரியாது ஐயா. சத்தம்தான் தெரியும்" என்று சொன்னேன்.

அவர் யன்னலிலிருந்து கண்ணை எடுத்து என்னைப் பார்த்தார். பிறகு, "சரிதான். வகை கேக்கிறது மேல இருந்தவன்ர பழக்கம். நான் கேட்டிருக்கக் கூடாது" என்றார்.

அடுத்த நாள் நான் காலைச் சாப்பாட்டோடு கதவைத் திறந்ததும், அவர் கதிரையின் கைப்பிடியை ஊன்றி எழுந்து நின்றார். நான் தட்டை வைத்து முடியும்வரை நின்றார். நான் வெளியே வந்த பிறகுதான் திரும்பக் கதிரையில் இருந்தார். அதற்கு அடுத்த நாளும் அப்படியே. மூன்றாம் நாளும். முழங்கால் வலிக்காகக் கொஞ்சம் எழும்பி நிற்கிறார் என்று தாதி சொன்னாள். முழங்கால் வலிக்காரன் ஏன் நான் வரும்போது மட்டும் எழும்ப வேண்டும்? எனக்குத் தெரியும், அவருக்கும் தெரியும்.

அப்படித்தான் என் மனம் கொஞ்சம் கொஞ்சமாக இளகியது. கோடை முழுவதும் அவர் கேட்கக் கேட்க என் குடும்பத்தைப்பற்றிச் சொன்னேன். மனைவியும் மகளும் யாழ்ப்பாணத்தில் இருந்தார்கள். நான் இங்கே வரும்போது மகளுக்கு எட்டு மாதம். அந்தக் கோடையில் அவளுக்கு ஒன்பது வயது. தொலைபேசியில் கேட்கும் குரல்தான் எனக்கு மகள். ஓகஸ்ட் மாதம் அங்கே மறுபடியும் சண்டை தொடங்கிப் பாதையும் பூட்டிப் போனது. மறுபடியும் விமானங்கள். இரண்டு பேரையும் இங்கே கூப்பிடுவதற்கு நான் கொடுத்த விண்ணப்பம் கடைசிக் கட்டத்தில் நின்றது. அதற்கு முக்கியமாக ஒன்று வேண்டும்: எனக்கு நிரந்தரமான வேலை இருக்கிறது என்று இல்லத்தின் பொறுப்பாளர் கையெழுத்து வைத்த கடிதம். அதோடு வெளிநாட்டவர் அலுவலகத்துக்குப் போக எனக்கு ஒக்டோபரில் ஒரு வியாழக்கிழமை டெர்மின், அதாவது சந்திப்பு நேரம், தந்திருந்தார்கள்.

அந்த வியாழனுக்கு முன்னால் வந்த வெள்ளிக்கிழமைதான் இது நடந்தது.

அன்று காலை நான் போனபோது கொமாண்டர் வெள்ளைச் சட்டை போட்டு, கழுத்துப்பட்டி கட்டி, யன்னல் பக்கம் பார்த்து இருந்தார். வழக்கம்போல எழுந்து நின்றார். பிறகு தட்டைக் கையால் விலக்கினார்.

"இண்டைக்கு எனக்கு விரதம். ஒவ்வொரு வருசமும் இந்த நாளிலை நான் ஒண்டும் தொடுறேல்லை."

"ஆருக்காக ஐயா?"

"என்ர சொல்லாலை செத்தவைக்காக."

இதற்கு மேல் நான் என்ன கேட்பேன்? தங்கச்சியின் திதிக்கு நான் இருப்பது போல இவரும் இருக்கிறார். எங்களுடைய பழக்கத்தில் விரதக்காரனைச் சாப்பிடு என்று வற்புறுத்துவது பெரிய பாவம். அன்று வெள்ளிக்கிழமை, நானும் விரதம். "எங்கட விரதத்திலை பாலும் பழமும் எடுக்கலாம் ஐயா" என்று ஒரு வாழைப்பழத்தை நீட்டிப் பார்த்தேன். வேண்டாம் என்று தலையாட்டிவிட்டு, "தாதிக்குச் சொல்லிப்போடாதையும். மகளைக் கூப்பிடுவினம். பிறகு கெஞ்சல், அழுகை. ஒரு நாள் என்னைச் சும்மா விடச் சொல்லும்" என்றார்.

நான் சாப்பாட்டைக் கொண்டுபோய் அடுப்படிக் குப்பையில் கொட்டினேன். கொட்டும்போது முருகா என்று சொல்லிக்கொண்டேன், சாப்பாடு அல்லவா. பதிவுத் தாளில் "முழுவதும் சாப்பிட்டார்" என்ற பெட்டியில் கோடு போட்டுக் கையெழுத்து வைத்தேன். மதியமும் அப்படியே செய்தேன். இதைப் பொய் என்று நான் நினைக்கவே இல்லை. ஒரு மனிதருடைய விரதத்தைக் காப்பாற்றிக் கொடுக்கிறேன் என்றுதான் நினைத்தேன். இன்னும் சொல்லப்போனால் எனக்கு உள்ளுக்குள் ஒரு சந்தோசம்கூட இருந்தது.

அவருக்குச் சீனி வருத்தம் என்று எனக்குத் தெரியும். முன்பு மகள் வீட்டில் இருக்கும்போது விழுங்கும் குளிசை மட்டும்தான். எங்கள் இல்லத்துக்கு வந்த பிறகு, அந்தக் கோடையில்தான் இன்சுலின் ஊசி தொடங்கினார்கள். காலையில் சாப்பாட்டுக்கு முன்னால் தாதி வந்து போட்டுவிட்டுப் போவாள். அன்றும் போட்டிருந்தாள். ஊசி போட்டவர் கட்டாயம் சாப்பிட வேண்டும் என்று எங்களுக்குப் பயிற்சி வகுப்பில் சொல்லித் தந்தார்கள். நான் கொப்பியில் எழுதியும் வைத்திருந்தேன். விரதம் என்ற சொல்லைக் கேட்டதும் அத்தனையும் என் மண்டையிலிருந்து போய்விட்டது. குளிசை போட்டுக்கொண்டு எத்தனையோ வருடம் விரதம் இருந்து பழகிய அவருக்கும் அது தோன்றவில்லை.

பின்னேரம் மூன்று மணி இருக்கும். அவரைப் பார்த்துவிட்டு வருவோம் என்று போனேன். கதவைத் திறந்தேன். அவர் எழுந்து நிற்கவில்லை.

கதிரையில் சாய்ந்து கிடந்தார். வெள்ளைச் சட்டை முழுக்க வியர்வையில் நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது. கண் திறந்திருந்தது, ஆனால் என்னைப் பார்க்கவில்லை. ஏதோ ஆபிரிக்க மொழியாக இருக்க வேண்டும், எனக்கு விளங்காத மொழியில் ஒரே சொல்லைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். நான் போட்ட சத்தத்தில் தாதி ஓடி வந்தாள். விரலில் குத்தி இரத்தத்தில் சீனியைப் பார்த்தாள். அவளுடைய முகம் வெளுத்துப் போனது. "இவ்வளவு கீழ எப்பிடிப் போகும்? காலமையும் மத்தியானமும் வடிவாச் சாப்பிட்டவர்தானே?" என்று என்னைப் பார்த்துக் கேட்டாள்.

"சாப்பிடேல்லை" என்றேன். "ரெண்டு நேரமும் சாப்பிடேல்லை."

அவள் சீனியை ஏற்றும் ஊசி போட்டாள், அம்புலன்ஸ் வந்தது, அவரைத் தூக்கிக்கொண்டு போனார்கள். இன்னும் ஒரு மணித்தியாலம் போயிருந்தால் ஆள் இல்லை என்று வைத்தியர் சொன்னதாகப் பிறகு சொன்னார்கள். நான் படிக்கட்டில் குந்தியிருந்து முருகனை மட்டும் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

அடுத்த நாள் காலையில் விசாரணைக் கடிதம் ஒன்றைக் கையில் தந்தார்கள். செவ்வாய்க்கிழமை பத்து மணிக்குப் பொறுப்பாளர் முன்னால் வர வேண்டும். பதிவுத் தாளில் பொய் எழுதியது பாரதூரமான குற்றம், வேலை நீக்கம் வரலாம் என்று எழுதியிருந்தது. செவ்வாய்க்கிழமை வேலை போனால் வியாழக்கிழமை கடிதம் இல்லை. கடிதம் இல்லாவிட்டால் என் மனைவியும் மகளும் அந்த விமானங்களுக்குக் கீழேதான்.

எங்கள் இல்லத்தின் சலவைப் பகுதியில் யாழ்ப்பாணத்து அக்கா ஒருவர் வேலை செய்தார். வாய் கொஞ்சம் பெரிது, மனம் அதைவிடப் பெரிது. சூடான துணிகளை மடித்துக்கொண்டே என்னைப் பேசினார்.

"பொய் சொல்லிப்போட்டு விரதம் இருக்கிறவையைக் கண்டிருக்கிறன். விரதத்துக்காகப் பொய் எழுதின ஆளை இப்பத்தான் காணுறன். முருகன் உம்மட்டை வந்து கேட்டவரோ, எனக்காண்டி ஒரு கள்ளக் கையெழுத்து வையடாப்பா எண்டு?"

"அக்கா, பகிடி விடாதேங்கோ. எனக்கு நெஞ்சு பதறுது."

"பதறட்டும், நல்லாப் பதறட்டும்." பிறகு குரலைத் தாழ்த்தினார். "இஞ்சை பாரும். நான் சொல்லுறதைக் கேளும். சாப்பிட்டிட்டன் எண்டு அந்தக் கிழவன்தான் உம்மட்டைச் சொன்னது. வெறும் தட்டைக் காட்டினவர். நீர் நம்பி எழுதினீர். சாப்பிடேல்லை எண்டது ஆள் விழுந்தாப் பிறகுதான் உமக்குத் தெரியும். அவ்வளவுதான் கதை. அந்த வயசிலை ஆள் மறந்திருக்கும். ஆரும் அவரைக் குறை சொல்லப் போறேல்லை. உம்மட வேலையும் தப்பும்."

"அது பாவமெல்லே அக்கா?"

"பாவம்தான். பெண்சாதி பிள்ளை அங்க கிடக்கிறது பாவமில்லையோ?"

ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போய் வெகுநேரம் நின்றேன். என்ன கேட்பது என்று தெரியவில்லை. பொய் சொல்லப் பலம் தா என்றா கேட்பது? ஒன்றும் கேட்காமலே வந்துவிட்டேன்.

செவ்வாய்க்கிழமை. பொறுப்பாளர் ஒரு பெண். நியாயமானவர், ஆனால் கண்டிப்பானவர். மேசையில் அந்தத் தாள் இருந்தது. என் இரண்டு கையெழுத்தும் எனக்கு எதிராக இருந்து என்னையே பார்த்தன. காற்றுக்காக அறைக் கதவைப் பாதி திறந்து வைத்திருந்தார்கள்.

"ஏன் இப்படி எழுதினீர்கள்?" என்று கேட்டார்.

என் கண்ணுக்கு முன்னால் மகள் வந்தாள். நான் வாயைத் திறந்தேன்.

"அவர்... சாப்பிட்டிட்டன் எண்டு சொன்னவர். நான் நம்பி எழுதினனான்."

சொல்லிவிட்டேன். சொன்ன கையோடு நடைபாதையில் சக்கர நாற்காலி உருளும் சத்தம் கேட்டது. கதவு முழுவதும் திறந்தது. கொமாண்டர். அன்று காலையில்தான் வைத்தியசாலையிலிருந்து அவரைக் கொண்டுவந்திருந்தார்கள். எனக்கு அது தெரியாது. முகம் வாடிக் கிடந்தது. அதே கழுத்துப்பட்டி. நான் சொன்னது அவருடைய காதில் விழுந்தது என்பதை அவருடைய முகத்தைப் பார்த்ததும் தெரிந்துகொண்டேன். எனக்கு நிலம் பிளந்து உள்ளே போகலாம் போல இருந்தது.

அவர் என்னைப் பார்க்கவில்லை. சக்கர நாற்காலியின் இரண்டு பக்கத்தையும் பிடித்து எழுந்து நின்றார். பின்னால் வந்த தாதி பிடிக்கப் போனாள், கையை உதறினார்.

"அந்தக் கட்டளை என்னுடையது" என்றார். "சாப்பிடமாட்டன் எண்டு முடிவு எடுத்தது நான். ஒருத்தருக்கும் சொல்லவேண்டாம் எண்டு சொன்னதும் நான். இந்த மனுசன் அதை நிறைவேற்றினவர். கட்டளை போட்டவன் இருக்க, நிறைவேற்றினவனைக் கொண்டுவந்து நிப்பாட்டுறது எங்கட வழக்கமில்லை."

"நீங்கள் இங்கே கொமாண்டர் இல்லை, ஐயா. இந்த இல்லத்தில் வசிப்பவர்" என்றார் பொறுப்பாளர், மெதுவாகத்தான் சொன்னார்.

"அப்ப அப்பிடியே எழுதுங்கோ. இல்லத்திலை வசிக்கிற ஒருத்தர், புத்தி தெளிவோடை சொன்னது எண்டு எழுதுங்கோ. கையெழுத்து வைக்கிறன்."

பொறுப்பாளர் என்னைப் பார்த்தார். "ஆனால் இவர் வேறு மாதிரி அல்லவா சொல்கிறார்? நீங்கள் சாப்பிட்டதாகச் சொன்னீர்கள் என்கிறாரே?"

அப்போதுதான் கொமாண்டர் என் பக்கம் திரும்பினார். கோபம் இல்லை. கேள்வியும் இல்லை. ஒரு சின்னப் பிள்ளை எழும்பி நடக்குமா என்று பார்ப்பது போலப் பார்த்துக்கொண்டு நின்றார். அவருடைய கால்கள் நடுங்கின. ஆனாலும் நாற்காலியில் இருக்கவில்லை.

"நான் சொன்னது பொய்" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. திரும்பவும் பலமாகச் சொன்னேன். "இவர் ஒண்டும் மறைக்கேல்லை. சாப்பிடமாட்டன் எண்டு முகத்துக்கு நேரை சொன்னவர். தெரிஞ்சுகொண்டுதான் எழுதினனான். பயத்திலை இப்ப இவரிலை பழியைப் போட்டிட்டன். என்னை மன்னியுங்கோ."

அதைச் சொன்ன பிறகுதான் அவர் மெதுவாக நாற்காலியில் இருந்தார்.

பொறுப்பாளர் எங்கள் இருவரையும் வெளியே இருக்கச் சொன்னார். அரை மணித்தியாலத்துக்குப் பிறகு முடிவைச் சொன்னார். வேலை நீக்கம் இல்லை. எழுத்து மூலமான எச்சரிக்கை, ஆறு மாதத்துக்குப் பதிவுத் தாளில் நான் கையெழுத்து வைக்கக் கூடாது, பயிற்சி வகுப்புக்கு முதலிலிருந்து மறுபடியும் போக வேண்டும். வியாழக்கிழமைக்கான கடிதத்திலும் அன்றைக்கே கையெழுத்து வைத்துத் தந்தார். "முதல் சொன்னதோடு நீங்கள் நின்றிருந்தால் இதில் நான் கையெழுத்து வைத்திருக்க மாட்டேன்" என்றார்.

நான் கொமாண்டருடைய அறைக்குப் போய்க் காலில் விழப் போனேன். "எழும்பும், எழும்பும், முதுகு பிடிச்சுப் போகும்" என்று சொல்லித் தடுத்தார். பிறகு என்னைக் கடுமையாகப் பேசினார். "பொய்ப் பதிவு எழுதினனீர். என்ர படையிலை இருந்திருந்தால் ஒரு வருசத்துக்கு உம்மை நிலத்தை விட்டுக் கிளம்ப விட்டிருக்கமாட்டன். ஒரு தாளை நம்பித்தான் ஒரு உயிர் இருக்கு. இனிமேல் செய்யாதையும்."

"ஐயா, நான் உங்களிலை பழி போட்டனான். அதைக் கேட்டனீங்கள்தானே?"

"கேட்டனான்."

"பிறகேன் எனக்காக நிண்டனீங்கள்?"

"பயந்தவன் முதல் சொல்லுற சொல்லை நான் எடுக்கிறேல்லை. ரெண்டாவது சொல்லுக்காகப் பாத்துக்கொண்டு நிப்பன்" என்றார். அவ்வளவுதான். பிறகு யன்னல் பக்கம் திரும்பிவிட்டார்.

அடுத்த வருடம் என் மனைவியும் மகளும் வந்து சேர்ந்தார்கள். முதல் வாரமே இரண்டு பேரையும் அவரிடம் கூட்டிக்கொண்டு போனேன். மனைவி உழுந்து வடை சுட்டுக் கொண்டு வந்திருந்தாள். என் மகள் உள்ளே கால் வைத்ததும் அவர் எழுந்து நின்றார். அதற்குள் அவருக்கு எழும்புவது பெரும் பாடாகிவிட்டது. "ஏன் அப்பா, என்னைக் கண்டிட்டு இந்த அப்பு எழும்புறார்?" என்று மகள் என் காதில் கேட்டாள். "நீ பெரிய ஆள் எண்டபடியால்தான்" என்று சொல்லி வைத்தேன். அவர் வடை ஒன்றை எடுத்து, பாதியைச் சாப்பிட்டுவிட்டு, "இதையும் தாளிலை எழுதும், உண்மையை எழுதும், பாதி" என்றார். எல்லோரும் சிரித்தோம்.

இரண்டாயிரத்து எட்டாம் ஆண்டு மார்ச் மாதம், பகல் நேரத்தில், கதிரையில் இருந்தபடியே அவர் போய்விட்டார்.

அடக்கத்துக்குப் போனேன். பிறந்தநாளுக்கு வந்தவர்களில் நான்கு பேர்தான் வந்திருந்தார்கள். ஊன்றுகோல்காரர் எழுந்து பேசினார். அவர் பேசிய பிறகுதான் எனக்குக் கொமாண்டரின் விரதம் என்னவென்று தெரிந்தது.

அந்தப் போரில் ஒருநாள் காட்டுக்குள் எதிரிகளின் முகாம் இருக்கிறது என்று தகவல் வந்ததாம். குண்டு போடச் சொல்லிக் கட்டளை கொடுத்தவர் கொமாண்டர். போட்டவர் இந்த ஊன்றுகோல்காரர். அப்போது அவருக்கு இருபத்திரண்டு வயது. திரும்பி வந்ததும் என்ன கண்டாய் என்று கொமாண்டர் கேட்டாராம். ஆயுதத்தோடு ஆட்களைக் கண்டேன் என்று முதலில் சொன்னாராம். கொமாண்டர் போகச் சொல்லவில்லை, பேசவும் இல்லை, பார்த்துக்கொண்டு நின்றாராம். கொஞ்ச நேரத்தில் இவர் அழுதுவிட்டாராம். அடுப்புகளைக் கண்டேன், சமையல் பானைகளைக் கண்டேன், பெண்கள் ஓடியதைக் கண்டேன், கண்ட பிறகும் போட்டுவிட்டேன் என்றாராம். முதல் சொன்னதை எழுதினால் எல்லோருக்கும் நல்லது என்று மேலிடம் சொன்னதாம். கொமாண்டர் இரண்டாவது சொன்னதை எழுதி, அதற்கு மேலே, அந்தக் கட்டளை என்னுடையது என்று எழுதித் தன் கையெழுத்தை வைத்து அனுப்பினாராம். அதோடு அவருடைய பதவி போனது. "அவர் என்னைக் காப்பாற்றவில்லை, என்னை மனிதனாக விட்டுவைத்தார்" என்று சொல்லிவிட்டு அந்தக் கிழவர் பெட்டிக்கு முன்னால் ஊன்றுகோல் இல்லாமல் நின்றார்.

அந்தப் போரில் நியாயம் எந்தப் பக்கம் என்று எனக்குத் தெரியாது. ஒருமுறை நான் கொமாண்டரிடமே கேட்டிருந்தேன். "எங்கட பக்கம் இல்லை" என்றார். அவருடைய சொல்லாலும் அடுப்புகளுக்குப் பக்கத்தில் நின்ற பெண்கள் செத்திருக்கிறார்கள். அவர்களுக்கும் என்னைப்போல ஒரு அண்ணன் இருந்திருப்பான். அதை நான் மறக்கவில்லை. அவரும் ஒருநாளும் மறக்கவில்லை. அதனால்தான் அவரை என்னால் வணங்க முடிகிறது. என் தங்கச்சிக்கு மேலே பறந்த விமானத்துக்கும் எங்கோ ஒருவர் கட்டளை கொடுத்திருப்பார். அவர் வருடத்தில் ஒரு நேரமாவது தட்டை விலக்கி வைத்திருப்பாரா என்று எனக்குத் தெரியாது. வைத்திருக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை கோயிலில் அவருக்காக ஒரு அர்ச்சனை செய்யப் போனேன். ஐயர் பெயரையும் நட்சத்திரத்தையும் கேட்டார்.

"பெயர் வெள்ளைக்காரப் பெயர் ஐயா. நட்சத்திரம் தெரியாது."

"அப்ப ஆர் இது? எங்கட ஆள் இல்லையோ?"

"எங்கட ஆள்தான் ஐயா" என்றேன். ஐயர் என்னை ஒருமுறை பார்த்துவிட்டு, சுவாமி பெயரிலேயே செய்து தந்தார்.

ஒக்டோபரில் அந்த நாள் வந்தால் நான் இப்போதும் ஒன்றும் தொடுவதில்லை. தங்கச்சிக்கு ஒரு நாள், அவருக்கும் அவர் நினைத்திருந்தவர்களுக்கும் ஒரு நாள். தாதிக்கு முன்கூட்டியே சொல்லிவிடுவேன், இன்று எனக்கு விரதம் என்று. இப்போது நான் சான்றிதழ் பெற்ற பராமரிப்பாளன். பதிவுத் தாளில் மறுபடியும் என் கையெழுத்துத்தான். மூன்று பெட்டிகளுக்கு முன்னால் பேனாவைப் பிடிக்கும் ஒவ்வொரு காலையிலும், ஏலாத காலோடு ஒரு மனிதர் எனக்கு முன்னால் எழுந்து நின்று, நான் உண்மையை எழுதி முடிக்கும்வரை கதிரையில் இருக்காமல் காத்துக்கொண்டிருக்கிறார்.